கல் நட்டவனின் உரிமை

கடையில் வாங்கும் கருவிகளின் அட்டைப் பெட்டியை நம்மில் பெரும்பாலோர் முழுமையாகப் படிப்பதில்லை. விலையைப் பார்ப்போம், உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று பார்ப்போம், அத்துடன் பெட்டி பரண்மீது ஏறிவிடும். அப்பெட்டிகளிற் சிலவற்றின் ஓரத்திலே, பொடி எழுத்தில், 'காப்புரிமை நிலுவையில் உள்ளது' என்றொரு வாசகம் அச்சாகியிருக்கும். சில நிறுவனங்களோ அதனைப் பொடி எழுத்தில் அன்றிக் கொட்டை எழுத்திலேயே விளம்பரம் செய்யும். தமக்கு இத்தனை காப்புரிமைகள் நிலுவையில் உள்ளன என்று முதலீடு செய்வோரிடம் எண்ணிக்கை காட்டும். இவ்வாசகத்தின் பொருள் யாது? 'இது எனது' என்று சொல்வதா? 'இது எனது ஆகலாம்' என்று சொல்வதா? இன்னும் கிடைக்காத ஒன்றைக் கிடைத்தது போன்று காட்டுவதா? கிடைக்கும்வரை காத்திருப்பவனுக்கு உள்ளபடியே சொந்தமானது எது? சட்டக் கேள்வி போன்று தோன்றினும், அடியில் இஃது ஓர் ஒழுக்கக் கேள்வியாகும். அதனையே இக்கட்டுரையில் ஆராய விழைகின்றோம்.

முதலில் செய்தியைத் தெளிவாக்கிக் கொள்வோம். பேட்டண்ட் என வழங்கும் காப்புரிமை என்பது, புதியதொன்றைக் கண்டுபிடித்தவருக்கு அரசு குறிப்பிட்ட காலம் அளிக்கும் தனியுரிமை. அக்காலத்தில் அவர் இசைவின்றி வேறெவரும் அதனைச் செய்யவோ விற்கவோ கூடாது. இந்தியாவில் அக்காலம் இருபது ஆண்டு. நம் புதுச்சேரி, சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்தின் எல்லைக்குள் அடங்கியது. தட்டாஞ்சாவடியிலோ மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலோ சிறு பட்டறை வைத்திருக்கும் ஒருவர், உவர் நீரை நன்னீராக்கும் கருவிக்குப் புதியதொரு வடிகட்டியை அமைத்துவிட்டார் என வைத்துக்கொள்வோம். அவர் தனியாளாக, கணினி வழியே விண்ணப்பித்தால் கட்டணம் 1,600 ரூபாய். அன்றே அவருடைய இடம் வரிசையில் குறிக்கப்பட்டு விடுகிறது. அதன் பின்னர் வேறொருவர் அதே வடிகட்டியைக் கொண்டுவந்தால், 'இவர் முந்திவிட்டார்' என்று அலுவலகம் சொல்லும்.

ஆனால் முந்தியது வேறு, பெற்றது வேறு. பதினெட்டு மாதம் விண்ணப்பம் மறைவில் இருக்கும். பிறகு உலகறிய வெளியிடப்படும். ஆய்வு செய்யுமாறு விண்ணப்பதாரர் தனியே கேட்க வேண்டும். அதற்கு முன்பு 48 மாதத் தவணை இருந்தது, 2024ஆம் ஆண்டு விதித் திருத்தத்தால் அது 31 மாதமாகக் குறைந்தது. ஆய்வாளர் குறை கூறுவார். அதற்கு விடையளிக்க வேண்டும். இடையில் எவர் வேண்டுமானாலும் 'இது புதியதன்று' என எதிர்ப்புத் தெரிவிக்கலாம். இவையெல்லாம் முடியும் வரை ஆண்டுகள் கழிகின்றன. கழியும் ஆண்டுகளோ அந்த இருபதிலிருந்தே கழிகின்றன. ஏனெனில் கணக்கு விண்ணப்பித்த நாளிலிருந்தே தொடங்குகிறது.

இடைக்காலத்தில் சட்டம் அவருக்கு விசித்திரமான ஒரு நிலையை வழங்கியிருக்கிறது. விண்ணப்பம் வெளியான நாள் முதல் காப்புரிமை கிடைத்துவிட்டாற் போன்ற உரிமை அவருக்கு உண்டு. ஆனால் உண்மையில் அது கிடைக்கும்வரை எவர்மீதும் வழக்குத் தொடுக்க இயலாது. உரிமை உண்டு, வாய் இல்லை. கிடைத்துவிட்டால் பின்னோக்கிச் சென்று கேட்கலாம். கிடைக்காவிட்டால் இத்தனை நாளும் இருந்ததாக எண்ணிய உரிமை ஒருபோதும் இருக்கவே இல்லை என்றாகிவிடும். தத்துவம் படித்தவர்களைத் திகைக்க வைக்கும் நிலை இது!

இத்தகைய ஐயப்பாட்டை மக்களிடம் எப்படிச் சொல்வது என்பதில், நம் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரரின் தாயகத்தில் சுவையான ஒரு வழக்கம் இருந்தது. பிரெஞ்சுக் காலத்துப் பழஞ்சாமான்கள் விற்கும் இடங்களில் விளக்கு, பூட்டு, காப்பிக்கொட்டை அரைக்கும் கருவி ஆகியவற்றைத் திருப்பிப் பார்த்தால், 'பிரெவே எஸ். ஜே. டே. ஜே.' என்று பொறித்திருப்பது கண்ணிற் படுவதுண்டு. 'காப்புரிமை பெற்றது, அரசின் உறுதிமொழி இன்றி' என்பதே அதன் விரிவு. 1844ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் சட்டத்தின்படி பிரான்சில் காப்புரிமை முன்னாய்வின்றியே வழங்கப்பட்டது. பொருள் புதியதா, பயன் தருவதா என்று அரசு பார்க்கவில்லை. பொறுப்பு முழுவதும் கேட்டவனுடையது. அதற்கு ஈடாகச் சட்டம் ஒரு நிபந்தனை விதித்தது: காப்புரிமை பெற்றவன் அதனை விளம்பரத்திற் குறிப்பிட்டால், அரசு இதற்கு உறுதி கூறவில்லை என்பதையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும், விட்டுவிட்டால் 50 முதல் 1,000 பிராங்கு வரை தண்டம். தன் பெருமையைப் பேசுகிறவன் அதே மூச்சில் அதன் குறையையும் பேசியாக வேண்டும் என்பதே இதன் கருத்து. 1968ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இம்முறை நிலவியது. வணிகரிடமிருந்து சட்டம் வலிந்து பெற்ற அடக்கம் என்று இதனைச் சொல்லலாம். ஆயினும், பார்த்துப் பழகிய கண்களுக்கு அந்த நான்கு எழுத்துகளே ஒரு விருதுபோல் ஆகிவிட்டன என்பதும் உண்மை. எச்சரிக்கையைக்கூட அணிகலன் ஆக்கிக்கொள்ளும் திறமை வணிகத்திற்கு உண்டு.

இந்தியச் சட்டத்தில் இதற்கு நேரான ஏற்பாடு இல்லை. விண்ணப்பமே செய்யாமல் 'விண்ணப்பித்துள்ளேன்' என்று சொல்வதுதான் குற்றம். 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 120ஆம் பிரிவு அதனைத் தடுக்கிறது. 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே அதற்கான தண்டத்தொகையின் உச்சம் பத்து இலட்சம் ரூபாயாக உயர்ந்திருக்கிறது. விண்ணப்பித்துவிட்டு அவ்வாறு சொல்லிக்கொள்வதில் சட்டப்படி குறையில்லை. மெய்யான சொல்லைக்கொண்டே பொய்யான எண்ணத்தை உண்டாக்கலாம் என்பதுதான் சட்டத்தின் கைக்கு எட்டாத இடம். அங்கிருந்துதான் ஒழுக்கத்தின் எல்லை தொடங்குகிறது.

நம் மதரஸாக்களில் ஓதப்படும் ஃபிக்ஹ் கிதாபுகளில், காத்திருப்பவனின் உரிமையைப் பற்றிய நுட்பமானதொரு பாடம் இருக்கின்றது. காப்புரிமையைப் பற்றி அந்நூல்கள் பேசவில்லை. தரிசு நிலத்தைப் பற்றிப் பேசுகின்றன. எவருக்கும் சொந்தமில்லாத, விளைச்சலற்ற நிலத்திற்கு 'மவாத்' என்று பெயர். இறந்த நிலம் என்பது பொருள். அதனைப் பண்படுத்தி, நீர் பாய்ச்சி, பயிரிட்டவன் அதற்கு உயிர் கொடுத்தவனாகிறான். அது அவனுக்குச் சொந்தமாகிறது. ஆனால் நிலத்தைச் சுற்றிக் கல்லை நட்டு, முள்ளை அடுக்கி, 'இதனை நான் உழப்போகிறேன்' என்று எல்லை மட்டும் குறித்தவனின் நிலை என்ன? இச்செயலுக்குத் 'தஹ்ஜீர்' என்று பெயர். தடுத்து வைத்தல் என்னும் வேரிலிருந்து பிறந்த சொல். கல் நட்டவன் உரிமையாளன் அல்லன். பிறரைக் காட்டிலும் முன்னுரிமை உடையவன், அவ்வளவே என்பதே இமாம்களின் தீர்ப்பு.

தமிழகக் கரையோர ஷாஃபி மத்ஹபினர் நன்கறிந்த மின்ஹாஜ் நூலில் இமாம் நவவி (ரஹ்) இதனை மேலும் இறுக்கிச் சொல்கிறார்கள். கல் நட்டவன் அந்த முன்னுரிமையை விலைக்கு விற்க முடியாது என்பதே வலுவான கருத்து. வேறொருவன் அத்துமீறி நுழைந்து உழுது பயிரிட்டுவிட்டால் நிலம் உழுதவனுக்கே சொந்தமாகும் என்பதும் வலுவான கருத்து. கல் நட்டவன் நெடுநாள் சும்மா இருந்தால் அதிகாரி அவனை அழைத்து, உழு அல்லது விடு என்று கட்டளையிட வேண்டும்; தவணை கேட்டால் சிறிது காலம் கொடுக்கலாம். அந்தச் சிறிது காலம் எத்துணை? இமாம் அபூயூசுஃப் (ரஹ்) தமது கிதாபுல் கராஜில், ஹளரத் உமர் (ரலி) அவர்களின் ஆணையொன்றைப் பதிவு செய்துள்ளார்கள்: மூன்றாண்டுகளுக்குப் பிறகு கல் நட்டவனுக்கு உரிமையில்லை.

காப்புரிமை நிலுவையில் உள்ளவர் இவ்வுலகின் புதிய தஹ்ஜீர் செய்தவர் என்று தோன்றுகிறதன்றோ? அவருடைய விண்ணப்பம் ஒரு கல். அது வரிசையில் இடம் குறிக்கிறது, பிறரை விலக்கி நிற்கிறது, உரிமையாகிவிடவில்லை.

இவ்விடத்தில் இமாம்களுக்கிடையே எழுந்த கருத்து வேறுபாடு நம் கேள்வியின் ஆணிவேரையே தொடுகிறது. தரிசை உயிர்ப்பித்தவனுக்கு உரிமை எதனால் பிறக்கிறது? உழைப்பினாலா, ஆட்சியாளரின் அனுமதியினாலா? அனுமதி வேண்டும் என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). அவர்களுடைய மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும், பின் வந்த இமாம் ஷாஃபியும், உழைப்பே போதும் என்றார்கள். ஆசிரியருடைய கருத்துக்கு மாணவரான அபூயூசுஃப் கொடுக்கும் விளக்கம் மிக அழகியது. இருவர் ஒரே இடத்தை விரும்பினால் அவர்களுக்கிடையே யார் தீர்த்து வைப்பது? பூசல் நேராதிருக்கவே அனுமதி வேண்டும் என்றார் ஆசிரியர். அது பிறருக்கு உரிமையை மறுப்பதற்காக அன்று என்கிறார் மாணவர்.

இவ்விளக்கத்தை ஏற்றுக்கொண்டால், கிண்டி அலுவலகத்தின் முத்திரை ஒருவருடைய அறிவை உண்டாக்குவதில்லை. வடிகட்டியின் திறமை முத்திரைக்கு முன்னும் அதுவே, பின்னும் அதுவே. முத்திரை செய்வது ஒன்றே: இருவர் ஒன்றுக்கு உரிமை கோரும்போது பூசலைத் தீர்க்கிறது, அதற்காகப் பொதுமக்களைச் சிறிது காலம் விலகி நிற்கச் சொல்கிறது. ஆகவே காத்திருப்பவர் வருந்த வேண்டியது தம் அறிவுக்கு மதிப்பு வரவில்லையே என்று அன்று. அவர் காத்திருப்பது பிறரை விலக்கும் அதிகாரத்திற்காகவே. அந்த அதிகாரத்தைக் கேட்கிறோம் என்பதை அவர் மறவாதிருந்தால், இடைக்காலத்தில் எவ்வளவு விலக்கலாம் என்னும் கேள்வி தானாகவே எழும்.

நிலத்தையும் அறிவையும் ஒன்றாக வைப்பது சரியா என்று அன்பர்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். நான் உழும் நிலத்தை அதே வேளையில் நீங்கள் உழ முடியாது. ஆனால் அண்டை வீட்டார் நம் பிரியாணிப் பக்குவத்தைக் கற்றுக்கொண்டால் நம் தேக்சாவில் ஒரு பிடி சோறும் குறைவதில்லை. குறையாத ஒன்றுக்கு வேலி எதற்கு என்றே முந்தைய மார்க்க அறிஞர் சிலர் நூலுரிமையைக்கூட ஒப்பவில்லை. அறிவை மறைப்பது பாவம் என்பதும் அவர்கள் நெஞ்சில் இருந்தது. பிற்காலத்தில் கருத்து மாறியது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை, நூலாசிரியர் உரிமையும் கண்டுபிடிப்பாளர் உரிமையும் மதிப்புடைய உரிமைகளே. அவற்றில் அத்துமீறல் ஆகாது. ஏமாற்றும் ஐயப்பாடும் இல்லாதவரை அவற்றைக் கைமாற்றலாம் என்று தீர்மானித்தது. ஏமாற்றும் ஐயப்பாடும் இல்லாதவரை என்னும் அடைமொழியை அன்பர்கள் கருத்திற் கொள்க.

மறைத்தல் பற்றிய குற்றச்சாட்டுக்குக் காப்புரிமையிலேயே ஒரு விடை உண்டு. அது மறைப்பதற்கான கூலியன்று, வெளிப்படுத்துவதற்கான கூலி. லத்தீன் மூலத்தில் அச்சொல்லுக்குத் திறந்தது என்றே பொருள். விண்ணப்பத்தில் செய்முறை முழுவதையும் எழுத வேண்டும். தவணை முடிந்தால் எவரும் அதைக்கொண்டு செய்யலாம். ஆனால் விண்ணப்பிக்கும் முன்னர் வாய்திறந்தால் புதுமை போயிற்று என்று உரிமையே போய்விடக்கூடும். ஆதலால் விண்ணப்பிக்கும் நாள்வரை மறைத்தாக வேண்டியதாகிறது. அமெரிக்காவின் ரைட் சகோதரர் 1903 மார்ச்சில், இன்னும் எந்திரத்தாற் பறக்காத நிலையிலேயே விண்ணப்பித்தார்கள், டிசம்பரில் பறந்தார்கள், 1906 மே மாதம் காப்புரிமை பெற்றார்கள். இருந்தும் 1905 அக்டோபருக்குப் பின் 1908 மே வரை, பிறர் பார்த்துவிடுவர் என்றஞ்சி, பறப்பதையே நிறுத்தி வைத்திருந்தனர். பறக்கக் கற்ற முதல் மனிதர்கள் இரண்டரை ஆண்டு தரையில் இருந்தார்கள்! கல்லுக்குள்ளே நின்று காவல் காப்பவனுக்கு உழ நேரமில்லாமற் போவதும் உண்டு.

உழுதுகொண்டே காத்திருந்தவர்களும் உண்டு. பூனாவின் பஜாஜ் நிறுவனம், ஒரே உருளையில் இரு பொறிமுளைகள் கொண்ட மோட்டார் சைக்கிள் எந்திரத்திற்கு 2002 ஜூலையில் விண்ணப்பித்தது. காப்புரிமை 2005 ஜூலையில்தான் வந்தது. ஆனால் அவ்வெந்திரம் பூட்டிய பல்சர் வண்டி 2003லேயே நம் வீதிகளில் ஓடத் தொடங்கிவிட்டது. பின்னர் ஓசூரில் ஆலை கொண்ட டி.வி.எஸ். நிறுவனம் 2007இல் இரு பொறிமுளை வண்டியொன்றைக் கொண்டுவரவே, வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் ஏறி, உச்சநீதிமன்றம் வரை சென்றது. அவ்வழக்கின் நியாய அநியாயம் நமக்கு இங்கு வேண்டியதில்லை. காத்திருந்த மூன்றாண்டும் மக்கள் கையில் பொருள் இருந்தது என்பதே நாம் கருத வேண்டியது.

இனி, காத்திருப்பு உயிரோடு விளையாடிய ஒரு வழக்கினைச் சற்று விரிவாகக் காண்போம். அதுவும் இதே சென்னை அலுவலகத்தில் நடந்ததே.

இரத்தப் புற்றுநோயின் ஒரு வகைக்கு, நாள்தோறும் உண்ணும் மாத்திரையாக இமாட்டினிப் என்னும் மருந்து வந்தது. சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனம் அதனைக் கிளிவெக் என்ற பெயரில் விற்றது. அம்மருந்தின் குறிப்பிட்ட ஒரு படிக வடிவத்திற்குக் காப்புரிமை வேண்டி 1998 ஜூலையில் சென்னையில் விண்ணப்பம் செய்தது. அக்காலத்தில் இந்தியாவில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை. செய்முறைக்கு மட்டுமே உண்டு. உலக வணிக உடன்படிக்கையின்படி 2005 ஜனவரி முதல்தான் பொருளுக்கும் வழங்க வேண்டும். அதுவரை வந்த விண்ணப்பங்கள் பிரிக்கப்படாத அஞ்சற்பெட்டியில் இட்டதுபோல் காத்திருந்தன. ஏழாண்டுக் காத்திருப்பு.

வெறுங்கல் மட்டும் நட்டிருந்தால் பேச்சில்லை. காத்திருப்பவர்க்கு ஆறுதலாக, தனி விற்பனை உரிமை என்ற ஒன்றைச் சட்டம் இடைக்காலத்தில் வைத்திருந்தது. 2003 நவம்பரில் நோவார்ட்டிஸ் அதனைப் பெற்றது. விண்ணப்பம் ஆராயப்படவில்லை, மருந்து புதியதா என்று எவரும் தீர்ப்புச் சொல்லவில்லை, ஆயினும் அதே மருந்தைக் குறைந்த விலைக்குச் செய்து வந்த இந்திய நிறுவனங்களுட் சில, நீதிமன்றத் தடையால் நிறுத்த வேண்டியதாயிற்று. நோவார்ட்டிஸ் மருந்து ஒரு மாதத்திற்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய். உள்நாட்டு மருந்து ஏறத்தாழ பத்தாயிரம் ரூபாய். அந்நிறுவனம் தன் நோயாளிகள் பலருக்கு இலவசமாகவே மருந்து கொடுத்தது என்பதையும் நடுநிலையோடு சொல்ல வேண்டும். ஆனால் கொடுப்பவன் மனம் பார்த்து உயிர் வாழ்வதும், சந்தையில் காசு கொடுத்து வாங்கி வாழ்வதும் ஒன்றாகா.

2005இல் பெட்டி திறக்கப்பட்டது. புற்றுநோயாளர் உதவிச் சங்கமும் மருந்து நிறுவனங்களும் எதிர்ப்பு மனுக் கொடுத்தன. 2006 ஜனவரி 25ஆம் நாள் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தைத் தள்ளியது. பழைய பொருளின் புதிய வடிவம், பயனில் மேம்பட்டாலன்றி, கண்டுபிடிப்பாகாது என்னும் 3(டி) பிரிவு குறுக்கே நின்றது. அப்பிரிவே செல்லாது என்று நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றம் சென்றது. 2007 ஆகஸ்டில் அம்மனு தள்ளுபடியாயிற்று. மேல்முறையீட்டு வாரியம் 2009இல் மறுத்தது. இறுதியாக 2013 ஏப்ரல் 1ஆம் நாள் உச்சநீதிமன்றமும் மறுத்தது. கல் நட்ட நாளிலிருந்து ஏறத்தாழ பதினைந்து ஆண்டு!

இவ்வழக்கினைப் படிக்கும்தோறும், நபித்தோழர் அப்யழ் இப்னு ஹம்மால் (ரலி) அவர்களின் செய்தி நெஞ்சில் எழுகிறது. யமன் நாட்டு மஃரிபிலுள்ள உப்பளத்தைத் தமக்கு வழங்குமாறு அவர்கள் பெருமானார் (ஸல்) அவர்களிடம் வேண்டினார்கள், வழங்கப்பட்டது. அவையிலிருந்த ஒருவர், தாங்கள் வழங்கியது என்றும் வற்றாத நீரூற்றைப் போன்ற ஒன்று என்று எடுத்துரைத்தார். பெருமானார் (ஸல்) அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஹதீஸ் நூல்களில் உள்ள இச்செய்தியிலிருந்து, மக்கள் அனைவரும் நம்பி வாழும் வெளிப்படையான சுரங்கங்களைத் தனியொருவருக்கு எல்லையிட்டுக் கொடுக்கலாகாது என்ற விதியைச் சட்ட அறிஞர்கள் எடுத்தனர். வழங்கியதையே மீட்கலாம் எனில், வழங்காததைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ? அவையிலிருந்து எழுந்து பேசிய அந்த ஒருவரை நாம் எண்ணிப் பார்க்கிறோம். அவருக்கு அதில் சொந்த ஆதாயம் எதுவும் சொல்லப்படவில்லை. சென்னையில் எதிர்ப்பு மனுக் கொடுத்த நோயாளர் சங்கத்தாரின் இடமும் ஏறக்குறைய அதுதான்.

இத்தகைய எதிர்ப்புக்கு வாயில் இருப்பதனாலேயே காத்திருப்பு நீள்கிறது என்று நிறுவனங்கள் முறையிடுகின்றன. முறையீட்டில் ஒரு பகுதி நியாயம் உண்டு. அலுவலகத்தில் ஆட்கள் போதாமையால் கோப்பு உறங்கினால் அது விண்ணப்பதாரருக்குச் செய்யும் அநீதி. அவருடைய இருபது ஆண்டு அங்கே கரைகிறது. அண்மைக் காலத்தில் வேகம் கூடியுள்ளது. 2023-24இல் மட்டும் நாட்டில் ஒரு இலட்சத்திற்கு மேல் காப்புரிமைகள் வழங்கப்பட்டன. சிறு நிறுவனங்களும் பெண்களும் விரைந்த ஆய்வு கேட்கலாம். நன்று. ஆனால் எதிர்ப்பைக் கேட்பதற்காகச் செலவாகும் காலம் வீண்காலம் அன்று; அதுவே பொதுமக்களின் பங்கு.

காலம் நீளுவதால் சிலர் ஆதாயமும் அடைந்தனர் என்பதை அமெரிக்க வரலாறு காட்டுகிறது. அங்கு 1995 ஜூன் வரை காப்புரிமைத் தவணை வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டு. எனவே எத்துணைத் தாமதமாக வந்தாலும் பதினேழும் முழுமையாகக் கிடைக்கும். கில்பர்ட் ஹையாட் என்பவர் ஒற்றைச் சில்லில் அமைந்த கணிப்பொறி பற்றி 1970இல் விண்ணப்பித்தார். 1990இல் காப்புரிமை வந்தது. இடைப்பட்ட இருபதாண்டில் அவர் பெயரே கேளாத நிறுவனங்கள் ஒரு பெருந்தொழிலையே கட்டி முடித்திருந்தன; வீடு கட்டிக் குடிபுகுந்த பிறகு மண்ணுக்கடியிலிருந்து கல் முளைத்தது! தாமதம் யாரால் என்பதில் அவரும் அலுவலகமும் ஒருவரையொருவர் குறை கூறினர். யார் சரியாயினும், மறைவான கல் நியாயமானதன்று. கல் நட்டால் கண்ணுக்குத் தெரிய நட வேண்டும். அதனாலேயே தவணையை விண்ணப்ப நாளிலிருந்து எண்ணும் முறையும், பதினெட்டு மாதத்தில் வெளியிடும் முறையும் உலகெங்கும் பரவின.

ஹளரத் உமர் (ரலி) அவர்களின் மூன்றாண்டு இந்தியச் சட்டத்திலும் தென்படுகிறது. 84ஆம் பிரிவின்படி, காப்புரிமை வழங்கி மூன்றாண்டு சென்ற பின்னரும் பொருள் மக்களுக்கு நியாய விலையில் கிடைக்காவிட்டால், வேறொருவர் அதனைச் செய்யக் கட்டாய உரிமம் கேட்கலாம். 2012 மார்ச் 9ஆம் நாள் ஐதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்கு அவ்வாறு வழங்கப்பட்டு, பேயர் நிறுவனம் மாதம் 2,80,428 ரூபாய்க்கு விற்ற புற்றுநோய் மருந்து 8,880 ரூபாய்க்கு வந்தது. இந்த மூன்றாண்டு பாரிசு உடன்படிக்கையின் வழி வந்தது. நம் கிதாபுகளைப் பார்த்து எழுதினார்கள் என்று சொல்லிப் பெருமை கொள்ளத் தேவையில்லை. உழாதவனுக்கு எத்தனை நாள் பொறுக்கலாம் என்று சிந்தித்த இரு வேறு கூட்டத்தார் ஒரே எண்ணை அடைந்தனர் என்பதே போதுமான வியப்பு.

இறுதியாக, பணம் திரட்டுவோர் பற்றிய செய்தி எஞ்சி நிற்கிறது. நம் குடும்பங்களில் வளைகுடா நாட்டிலும் பிரான்சிலும் உழைத்துச் சேர்த்த பணத்தைப் புதிய நிறுவனங்களில் இடுவோர் பெருகி வருகின்றனர். அவர்கள்முன் வைக்கப்படும் தாள்களில் நிலுவைக் காப்புரிமைகளின் எண்ணிக்கை தவறாமல் இருக்கும். கல் நட்ட முன்னுரிமை விற்பனைக்கு ஆகாது என்ற கருத்தை மேலே கண்டோம். பழம் பக்குவம் அடைவது தெரியுமுன் மரத்திலேயே விற்பதைப் பெருமானார் (ஸல்) தடுத்தார்கள் என்பதும், அறுவடைக்கு முன் பழம் அழிந்தால் எந்த நியாயத்தால் சகோதரனின் பணத்தை எடுத்துக்கொள்வாய் என்ற கருத்துப்படக் கேட்டார்கள் என்பதும் நாம் அறிந்தவையே. அதற்காக, காப்புரிமை வரும்வரை எவரும் பங்கு சேர்க்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அவ்வாறாயின் பட்டறைக்காரர் ஒருபோதும் எழ முடியாது. இலாபத்திலும் இழப்பிலும் பங்கேற்கும் கூட்டாளியாக ஒருவரைச் சேர்ப்பது வேறு. வராத உரிமையை வந்ததாக மதிப்பிட்டு அதற்கு விலை வாங்குவது வேறு. முன்னதில் இருவரும் ஒரே வானத்தைப் பார்த்துக் காத்திருக்கின்றனர். பின்னதில் ஒருவன் பணத்துடன் வீட்டுக்குப் போய்விட்டான். மற்றவன் மட்டும் மரத்தடியில் நிற்கிறான்.

ஆகவே நம் பட்டறைக்காரர் தம் வடிகட்டியின் பெட்டியில் என்ன அச்சிடலாம்? 'காப்புரிமை' என்னும் சொல் பெரிதாகவும் 'நிலுவை' என்னும் சொல் சிறிதாகவும் இருத்தல் ஆகாது. 'விண்ணப்பம் பதிவாகியுள்ளது, ஆய்வு முடியவில்லை' என்று ஒரே அளவு எழுத்தில் எழுதி, அதன்கீழ் விண்ணப்ப எண்ணையும் நாளையும் இடலாம். அவ்வெண்ணைக் கொண்டு எவரும் காப்புரிமை அலுவலகத்தின் கணினிப் பதிவேட்டில், கட்டணமின்றி, அது எந்த நிலையில் உள்ளது என்று பார்த்துக்கொள்ள முடியும். நாளை விண்ணப்பம் தள்ளப்பட்டால், அச்சிட்டு மீந்த பெட்டிகளின்மீது ஒரு தாளை ஒட்ட வேண்டியிருக்கும். ஆயிரம் பெட்டிக்கு அந்தச் செலவு என்ன வந்துவிடப் போகிறது?